புரோட்டீன் பார் கவரைப் படித்துவிட்டு எழுதுகிறேன்

கோவில்பட்டி,
ஞாயிறு இரவு.

அன்பு மகன் கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் "கிராம்" என்று வாயெடுத்தாலே நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தபால்.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன கறுப்புப் பையைத் துவைக்க எடுத்தேன். பக்கத்து ஜிப்புக்குள் ஏழு புரோட்டீன் பார் கவர். நாலு நாள் லீவுக்கு ஏழு! "ராத்திரிக்குப் பசிக்கலைம்மா" என்று தோசைத் தட்டைத் தள்ளிவைத்தாயே, அதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. போன வாரம் வயிறு உப்பிக் கல்லு மாதிரி இருக்கு என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. ஒரு கவரைத் துடைத்து மேசையில் விரித்து உட்கார்ந்துவிட்டேன். எழுத்து எள்ளைவிடப் பொடிசு. கண்ணாடி போட்டும் தெரியாமல், செல்லில் போட்டோ பிடித்துப் பெரிதாக்கித்தான் படித்தேன்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் பாரைவிட நம்ம ஊர்க் கடலைமிட்டாய்தான் உசத்தி என்று கணக்குப் போட்டுக் காட்டவே உட்கார்ந்தேன். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரி இல்லையா! இரண்டு பங்கு கடலை, ஒரு பங்கு வெல்லம் என்று வைத்துக்கொண்டால் 60 கிராம் மிட்டாயில் புரதம் 10 கிராம் தேறும். சக்தி 300 கலோரி. உன் பாரும் அதே 60 கிராம்தான். புரதம் 20, சக்தி 226. புரதத்தில் தோற்றுவிட்டேன். நோட்டில் எழுதிய கணக்கை அப்பாவிடம் காட்டவில்லை.

ஆனால் நீ போனில் "ஒண்ணுல 33 கிராம் புரோட்டீன்மா" என்றாயே, அது தப்பு. பின்பக்கக் கட்டத்தை மறுபடி பார். 33 இருப்பது 100 கிராமுக்கான வரிசையில். பக்கத்து வரிசைதான் ஒரு பாருக்கு. எங்கள் அங்கன்வாடி மையத்துக்குப் புதிதாக வரும் பெண்களும் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள்.

கட்டத்தைவிட எனக்குச் சுவாரசியமாக இருந்தது அதற்குக் கீழே உள்ள சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரவேண்டும் என்பது சட்டம். முன்பக்கத்தில் பாதாம் படம் பெரிதாக இருக்கிறது. பட்டியலில் பாதாம் ஆறாவது. முதலில் இருப்பது வே புரோட்டீன். சீஸ் செய்கிற ஆலையில் பாலை உறையவைத்தபின் மிஞ்சுகிற தண்ணீர் இருக்கிறதல்லவா, அதிலிருந்து பிரித்துக் காயவைத்த பொடி. அது நல்ல புரதம்தான், குறை சொல்ல மாட்டேன். வேறு கம்பெனி வாங்கும்போது மட்டும் கொலாஜன், ஜெலட்டின் என்று முதலில் வருகிறதா என்று பார்த்துக்கொள். புரதம் என்கிற சுவருக்குச் செங்கல் மாதிரி இருப்பது அமினோ அமிலம். அதில் டிரிப்டோபன் என்கிற அவசியமான அமினோ அமிலம் கிடையாது. கிராம் கணக்கில் சேரும், உடம்பு கட்ட முழுசாக உதவாது.

இரண்டாவதாக வருவது மால்டிட்டால், எண் 965. "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று முன்னால் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறானே, அந்த இனிப்பு வருவது இதில்தான். ஒரு பாரில் 12 கிராம். சிறுகுடல் இதில் ஒரு பகுதியைத்தான் உறிஞ்சும். மீதி பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கிற கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். அடுத்த வரியில் சிக்கரி வேர் நார், 6 கிராம். அதற்கும் அதே வேலை. ராத்திரி ஒரே மூச்சில் இரண்டு பார் தின்றால் 24 கிராமும் 12 கிராமும் வயிற்றுக்குள் இறங்குகிறது. வயிறு கல்லாகாமல் என்ன செய்யும்? மலம் இளக்கலாம் என்று கவரின் மடிப்புக்குள் அவனே எழுதியும் வைத்திருக்கிறான். மடிப்பைப் பிரித்தவர்கள் எத்தனை பேரோ. முதலில் இதை ஒரு வாரம் நிறுத்திப் பார். அப்புறமும் உப்பினால் டாக்டரிடம் போ.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடியில் ஒரு நாளைக்கு 12 முதல் 15 கிராம் புரதம் தரவேண்டும் என்பது 2023 வரை இருந்த அரசுக் கணக்கு. உன் ஒரு பாரில் அதைவிட அதிகம் இருக்கிறது. ஆனால் அதே கணக்கில் பக்கத்திலேயே 500 கலோரி என்றும் போட்டிருந்தது. இரண்டையும் பிரிக்கக் கூடாது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு தாய், தினம் முட்டை கொடுக்கிறேன், எடை ஏறவில்லையே என்று அழுதாள். விசாரித்தால் பிள்ளை சோற்றைத் தொடுவதே இல்லை. முட்டையோடு இன்னொரு கரண்டி சோறு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் சேர்க்கச் சொன்னேன். இரண்டு மாதத்தில் எடை குறிக்கும் அட்டையில் கோடு மேலே ஏறியது. உடம்புக்கு முதலில் விறகு வேண்டும், ராசா. அது போதாவிட்டால், சதை கட்டுவதற்காக நீ கொடுக்கிற புரதத்தையே எடுத்து எரித்துவிடும்.

நீ செய்வது அதைத்தான். மத்தியானம் ஆபீஸ் கேன்டீனில் அரைவயிறு, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஜிம், ராத்திரிக்கு இரண்டு பார். இரண்டும் சேர்ந்து 452 கலோரி. ஒன்றுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து, தேக்கு மரத்தை அடுப்பில் வைக்கிறாய்.

உனக்கு எவ்வளவு தேவை என்று கேட்பாய். நீ இருக்கிற ஹைதராபாத்திலேயே, தார்நாக்காவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அவர்கள் 2020-ல் சொன்னது கிலோ எடைக்கு 0.83 கிராம். 64 கிலோவுக்கு 53 கிராம். ஜிம்முக்குப் போகிறவனுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2024-ல் அவர்களே வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பு ஏற்றப் புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். மூன்று முட்டையில் 18 கிராம், விலையோ உன் பாரைவிட எவ்வளவோ குறைவு. நூறு கிராம் பொட்டுக்கடலையில் 20 கிராம் இருக்கும். சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றில் இல்லாத அமினோ அமிலத்தை மற்றது ஈடுகட்டும்; சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டாலே அந்த வேலை முடிந்தது.

பாரை அடியோடு விடச் சொல்லவில்லை. ரயிலிலோ, மீட்டிங் இழுத்துக்கொண்டு போகிற நாளிலோ ஒன்று தின்னு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். ரூமில் குக்கர் இருக்கிறது, அரிசி இருக்கிறது. முட்டை அவிக்க உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பார்சலில் பொட்டுக்கடலை ஒரு கிலோ, சாம்பார்ப் பொடி, கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் வைத்திருக்கிறேன். மிட்டாய் கணக்கில் தோற்றதுதான், இருந்தாலும் தின்னு. சாம்பார்ப் பொடி இருக்கிற எவர்சில்வர் டப்பா என் கல்யாணத்துக்கு வந்தது. அடுத்த தடவை வரும்போது மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கவரை எறியவில்லை. செவ்வாய்க்கிழமை தாய்மார் கூட்டத்தில் காட்டப்போகிறேன். உன் பேரைச் சொல்ல மாட்டேன்.