57-ஆ, 50-ஆ: டெல்ஃப்ட்டில் சைக்கிள் வாங்கப் போகும் மகளுக்கு

புதுக்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். கறுப்பு வண்டி லட்சணமாகத்தான் இருக்கிறது. கடைக்காரர் அதை 80 யூரோவுக்குத் தருவதாகவும், பச்சை வண்டியை விற்கும் மாணவி 110 யூரோவிலிருந்து இறங்க மறுப்பதாகவும், ஆகையால் கறுப்பையே எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறாய். விலையைப் பற்றி அப்பா உன்னோடு பேசட்டும். கறுப்பின் பிரேம் 57, பச்சையின் பிரேம் 50 என்று எழுதிவிட்டு, பெயின்டின் நிறத்தைச் சொன்னதுபோல அதை அப்படியே விட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாயே, அதைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து, சீட் பைப் செருகியிருக்கும் குழாயின் மேல்விளிம்பு வரை உள்ள நீளம்தான் அந்த எண். நீ இருக்கும் நெதர்லாந்தில் அதைச் சென்டிமீட்டரில் சொல்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் 22 இன்ச், 24 இன்ச் என்போம். இரண்டு வண்டியிலும் 28 என்று எழுதியிருப்பதாகக் குழம்பியிருக்கிறாய். அது சக்கரத்தின் அளவு, உன் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 22 இன்ச் என்பது ஏறத்தாழ 56 செ.மீ. ஆக, நீ வாங்க நினைக்கும் கறுப்பு வண்டி தாத்தாவின் பழைய 22 இன்ச் வண்டியைவிடவும் ஒரு விரற்கடை உயரம். தாத்தா வண்டியை ஓட்டிய அனுபவம் எனக்கு இருப்பதால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

1991, 1992 ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது உனக்குத் தெரியும். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதில் பிடிவாதமாக இருந்தார். ஊர் ஊராகப் பெண்கள் திடலுக்கு வந்துவிட்டார்களே தவிர, அத்தனை பேருக்கு லேடீஸ் சைக்கிள் எங்கே கிடைக்கும்? பார் வைத்த ஆண்கள் வண்டிகளிலேயே கற்றுக்கொண்டோம். நான் தாத்தாவின் 22 இன்ச் வண்டியை எடுத்தேன். சீட்டை அடிமட்டம் வரை இறக்கியும் பெடல் கீழே போகும்போது என் கால் அதை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. வலது பெடலுக்கு வலப்பக்கம் சரிவேன், இடது பெடலுக்கு இடப்பக்கம் சரிவேன். அம்மியில் அரைக்கும்போது உடம்பு ஆடுமே, அப்படி. பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள் என்பது பெரிதில்லை. ஆலங்குடி வரை போய்த் திரும்பினால் தொடையின் உட்பக்கம் தோல் உரிந்திருக்கும், இடுப்பு இரண்டு நாள் வலிக்கும். எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேனே ஒழிய, வண்டி எனக்குப் பெரியது என்று சொல்ல அன்று யாருமில்லை.

உனக்கு அமைந்தது என் கால்தான். நீ கிளம்புவதற்கு முன் கூடத்துச் சுவரில் அளந்தபோது உன் உள்கால் நீளம் 73 செ.மீ. வந்தது, ஆனாலும் இன்னொரு முறை அளந்துகொள். செருப்பில்லாமல் சுவரில் முதுகும் குதிகாலும் படும்படி நில். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டுக்குள் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தி மேலே தூக்கிப் பிடி. புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்தால் அதுதான் உள்கால். மூன்று முறை அளந்து சராசரி எடு; கணக்கு டீச்சர் மகள் ஒரே அளவோடு நிறுத்தக் கூடாது. தையற்காரர் எடுத்த சுடிதார் பேன்ட் அளவு இதற்கு உதவாது, அவர் கணுக்காலோடு நிறுத்திவிடுவார்.

நகரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்கு, உள்கால் நீளத்தை 0.66 ஆல் பெருக்கினால் பிரேம் அளவு தோராயமாகக் கிடைக்கும். உனக்கு அது 48.2. பச்சை வண்டி அதற்கு இரண்டு செ.மீ.க்குள் வந்துவிடுகிறது, கறுப்பு ஒன்பது செ.மீ. தள்ளி நிற்கிறது.

தோராயத்தை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம் என்று நீ சொல்வாய், சரிதான். சீட்டின் உயரத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 1986, 1989, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்டின் பெயரால் வழங்கும் முறை ஒன்று உண்டு: உள்கால் நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் வரும். உனக்கு 64.5 செ.மீ. ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1967-இல் சொன்னது வேறு வழி: பெடல் சீட் குழாயின் நேர்கோட்டில் கீழே நிற்கும்போது, பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை உள்காலில் 109 சதவீதம். அது உனக்கு 79.6, அதில் கிராங்கின் நீளம் 17 செ.மீ. போனால் 62.6. ஒரே காலுக்கு இரண்டு சூத்திரங்களும் கிட்டத்தட்ட இரண்டு செ.மீ. வித்தியாசத்தில் விடை தருகின்றன. இதில் எது சரி என்று சண்டை போடத் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் 63.5-இல் தொடங்கு, மீதியை உன் முழங்கால் சொல்லும். நான்கு தெருவுக்கு ஒரு முறை நின்று கிளம்புகிறவளுக்குப் பந்தயக்காரரின் முழு உயரமும் வேண்டியதில்லை.

இப்போது கறுப்பு வண்டிக்கு வா. சீட்டை முழுதும் இறக்கி வைத்தாலும் குழாயின் விளிம்புக்கு மேல் கிளாம்ப், கம்பி, சீட்டின் தடிமன் எல்லாம் சேர்ந்து ஒன்பது செ.மீ.யாவது எழும்பும், ஸ்பிரிங் சீட்டு என்றால் இன்னும் கூடும். 57-உம் 9-உம் 66. அடிமட்டத்திலேயே உன் தேவையைத் தாண்டிவிட்டது. அதாவது, அந்த வண்டியில் உனக்குச் சரியான உயரம் என்ற ஒன்று இல்லவே இல்லை. ஸ்பேனரால் தீர்க்க முடியாத குறை அது. பச்சையில் 59-இலிருந்து தொடங்கி நாலரை செ.மீ. ஏற்றிக்கொள்ளலாம். பின்னால் நீ தடித்த அடியுள்ள குளிர்காலப் பூட்ஸ் போட்டாலும் ஏற்ற இடமிருக்கும்.

ஒருவேளை பார் வைத்த வண்டி எதையாவது பார்த்தால், இரு காலையும் ஊன்றி நின்று பாருக்கும் உனக்கும் நடுவே மூன்று நான்கு செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பச்சை வண்டி பாட்டி சைக்கிள் வகை, நடுவே தாழ்வாக வளைந்தது. அதில் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. தாழ்வான வண்டியில் சுலபமாக ஏறிவிடுவதாலேயே அது நமக்குப் பொருந்திவிட்டது என்று பலரும் ஏமாறுவது இங்கேதான்.

நான் செய்த இரண்டாவது தவற்றையும் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். தாத்தா வண்டியில் பட்ட பயத்தில், உட்கார்ந்தபடியே இரு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சொல்லிச் சீட்டை இறக்கச் சொன்னேன். நான்கு ஆண்டுகள் அப்படியே பள்ளிக்குப் போய்வந்தேன். முழங்காலின் முன்பக்கம், சில்லுக்குக் கீழே, மாடிப்படி இறங்கும்போதெல்லாம் சுருக்கென்று குத்தும். களிம்பு தடவினேன், மாத்திரை விழுங்கினேன். ஒரு நாள் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது, கடைக்காரர் நான் வந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், குத்துக்கால் வெச்சு உக்காந்துகிட்டே மிதிக்கிறீங்க?" என்று கேட்டார். என்னைக் கேட்காமலே சீட்டை நாலு விரல் ஏற்றி முடுக்கினார். முதல் வாரம் விழுந்துவிடுவேனோ என்று நடுங்கினேன். மூன்றாவது வாரம் மாடிப்படியில் வலி இல்லை.

காரணம் எளிது. சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகமாக மடங்கிய நிலையிலேயே பாரத்தைத் தள்ளுகிறது. சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. வலி முன்பக்கம் வந்தால் சீட் தாழ்வு என்றும், பின்பக்கம் வந்தால் உயரம் என்றும் முதலில் சந்தேகப்படு. இன்னொன்றையும் யோசித்துப் பார். பெடல் கீழே வந்து நிற்கும்போது அதற்கும் தரைக்கும் நடுவே 12 செ.மீ. போல இடைவெளி இருக்கும். பெடலில் கால் ஏறத்தாழ நீண்டிருப்பதுதான் சரியென்றால், உட்கார்ந்தபடி பாதம் முழுவதும் தரையில் பதிய வழியே இல்லை; கால்விரல் நுனி தொட்டாலே அதிகம். எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அரசு கொடுக்கும் சைக்கிளை வாங்கிய அன்றே சீட்டை அடிவரை இறக்கிவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஸ்பேனரோடு போய் நின்றிருக்கிறேன். பாதி பேர் வீட்டுக்குப் போய் மறுபடி இறக்கிக்கொள்வார்கள்; அந்தப் பயம் எனக்குப் புரியாததல்ல.

கடையிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்கார். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்பக்கமாகச் சுற்று. அங்கே பல வண்டிகளில் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும். அப்படியானால் முன்பக்கமாகவே சுற்று, பின்சக்கரத்தை யாராவது தூக்கிப் பிடிக்கட்டும். பெடல் அடிக்கு வரும்போது குதிகால் விலகாமல் கால் நீண்டுவிட வேண்டும், இடுப்பு சரியக் கூடாது. பிறகு குதிகாலை எடுத்துவிட்டு முன்பாதத்தை வைத்தால், முழங்காலில் 25 முதல் 35 டிகிரி வரை மடிப்பு தானாக வந்துவிடும். சீட் பைப்பில் ஒரு கோடு பொறித்திருக்கும். எவ்வளவு ஏற்றினாலும் அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது.

இறங்கும்போதுதான் பழக்கம் வேண்டும். நிற்பதற்கு முன் சீட்டிலிருந்து முன்னால் நழுவி ஒரு காலை ஊன்று. இங்கே நாம் இடது காலை ஊன்றுவோம். அங்கே வலப்பக்கம் போவதால் நடைபாதையின் விளிம்பு வலது காலுக்கு வரும். பின்மிதி பிரேக் உள்ள வண்டியில் நின்ற பிறகு பெடலைப் பின்னால் சுற்றி மேலே கொண்டுவர முடியாது. ஆகவே நிற்கும்போதே இடது பெடலைச் சற்று மேலே நிறுத்தப் பழகு.

சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. பெடல்கள் இரண்டும் கிடைமட்டமாக இருக்கும்போது, நூலில் ஒரு சாவியைக் கட்டி முன்னால் இருக்கும் முழங்காலின் முன்விளிம்பிலிருந்து தொங்கவிட்டால், அது பெடல் அச்சுக்கு அருகில் விழ வேண்டும் என்பது பழைய வழக்கம். நிமிர்ந்து ஓட்டும் வண்டியில் சீட் குழாய் பின்னால் சாய்ந்திருப்பதால் நூல் அச்சுக்குப் பின்னால் விழும், அதற்காகக் கவலைப்படாதே. ஆனால் ஹேண்டில்பார் எட்டவில்லை என்பதற்காகச் சீட்டை முன்னால் தள்ளக் கூடாது. அது காலுக்குச் செய்த ஏற்பாட்டைக் கைக்காகக் கலைப்பதாகும்.

கை எட்டும் தூரம் பிரேமின் நீளத்தைப் பொறுத்தது. 50 என்று எழுதிய இரண்டு வண்டிகளில் அந்த நீளம் இரண்டு விதமாக இருக்கலாம். எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது, உட்கார்ந்தே பார்க்க வேண்டும். முழங்கை லேசாக மடிந்திருக்கிறதா, தோள் காதை நோக்கி ஏறாமல் இருக்கிறதா, திரும்பும்போது வெளிப்பக்கக் கைப்பிடி கையை விட்டுப் போகாமல் இருக்கிறதா என்று பார். உன் அறைத்தோழி குனிந்து ஓட்டும் ரேஸ் வண்டியே மேல் என்கிறாளாம். எதிர்காற்றில் அவள் சொல்வது உண்மைதான். நிமிர்ந்த மார்பில் காற்று முழுதாக மோதும். ஆனால் மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குப் புத்தகப் பையோடு போகிறவளுக்கு நிமிர்ந்த வண்டியே போதும் என்பது என் எண்ணம். நிமிர்ந்து உட்கார்ந்தால் பாரமெல்லாம் உட்காரும் எலும்புகள் மேல் இறங்கும். அதனால்தான் அதற்கு அகன்ற சீட்டு. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும், பாரம் கைக்குப் போகும், விரல்கள் மரத்துப்போகும். சமமாக வை, உன் போனிலேயே ரசமட்டம் இருக்கிறது.

ஆகவே பச்சை வண்டியைப் போய் ஓட்டிப் பார். பத்து நிமிடம் போதாது, அரை மணி நேரம் கேள். சரியான உயரம் கிடைத்ததும், சீட் பைப் குழாய்க்குள் இறங்கும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு வளையம் போட்டுவிடு. தோழிகள் யாராவது இரவல் வாங்கிச் சீட்டை இறக்கியே திருப்பித் தருவார்கள்.

அன்புடன்,
அம்மா