கடையில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது, தெர்மாமீட்டர் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருந்துக்கடை என்றாலே போலி மருந்து, காலாவதி மருந்து என்றுதான் பேச்சு வருகிறது. நல்ல கம்பெனி மருந்து, தேதியும் மிச்சமிருக்கும்போதே கடைக்குள் கெட்டுப்போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அட்டையில் அச்சடித்த தேதி, அதே அட்டையில் சொன்ன வெப்பநிலையில் வைத்திருந்தால்தான் செல்லும். சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் சேலத்துக்கும், மாதக்கணக்கில் ஈரம் காயாத ஏற்காட்டுக்கும் இது பொருந்தும்.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயில் அதன் வீரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். உறைந்துவிட்டால் ஒரே ராத்திரியில் தீர்ந்தது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீஸருக்கு நேர் கீழேயும் பின்சுவரை ஒட்டியும் வைத்த பெட்டிகள்தான் இப்படிப் போகும். உருகிய பிறகு பார்க்கப் பழையபடியே இருக்கலாம், ஆனாலும் அதை நம்பக்கூடாது. பால் போலக் கலங்கலாக இருக்கும் 30/70 இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டினால் ஒரே சீராகக் கலக்க வேண்டும். துகள் மிதந்தாலோ, குப்பியின் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கெட்டதைப் போட்டுக்கொண்டவருக்குச் சர்க்கரை இறங்காது, டாக்டர் யூனிட்டை ஏற்றுவார். அடுத்த மாதம் நல்ல குப்பி கைக்கு வந்தால் அதே யூனிட்டில் சர்க்கரை தடாலென இறங்கி ஆளையே சாய்த்துவிடும். டி.டி. ஊசியும் அப்படித்தான், ஒருமுறை உறைந்தால் வீண்.

பரிகாரம் பெரிய செலவில்லை. குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைக் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். அதன் சென்சார் முனையை ஒரு சிறு தண்ணீர்க் குப்பிக்குள் விட்டு நடுத்தட்டில் வைக்க வேண்டும். வெறுமனே தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் எண் குதிக்கும். கடை திறக்கும்போதும் பூட்டும்போதும் இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி ரீசெட் செய்யலாம். கதவுத் தட்டில் மருந்து கூடாது. அடியில் நாலைந்து தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைத்தால் மின்சாரம் போனாலும் குளிர் கொஞ்சம் தாங்கும். உங்கள் நாளிதழில் வரும் 'நாளைய மின்தடை' அறிவிப்பை மருந்துக்கடைக்காரர்கள் முதலில் படிக்க வேண்டும். மருந்து ஃப்ரிட்ஜில் மோர் பாட்டிலும் மதியச் சாப்பாட்டு டப்பாவும் இருப்பதைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்.

மலைக்குப் போகும் சரக்கில் இன்னொரு தவறு நடக்கிறது. ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே இன்சுலின் மேல் வைத்துத் தெர்மாகோல் பெட்டியைக் கட்டி பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவைத் தாண்டுவதற்குள், ஐஸ் பேக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் குப்பி உறைந்துவிடலாம். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் பதம் வந்த பிறகுதான் அடுக்க வேண்டும். இடையில் தடித்த அட்டையோ நாலு மடிப்புச் செய்தித்தாளோ கட்டாயம்.

மேலே ஏற்காட்டில் ஈரம்தான் எதிரி. அமாக்ஸிசிலின் கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைக்குக் காற்றின் ஈரமே ஆகாது. அட்டையை வெட்டும்போது கத்தரிக்கோல் மாத்திரைக் குழியின் ஓரத்தில் பட்டால் போதும், உறை விட்டுப்போகும். ஈரம் பட்ட ஆஸ்பிரினில் வினிகர் வாடை வரும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை அதன் கண்ணாடிப் புட்டியிலிருந்து எடுத்துக் காகித உறையில் போட்டுக் கொடுப்பது, அவசரத்தில் வேலை செய்யாத மாத்திரையைக் கொடுப்பதற்குச் சமம்.

கீழே சேலத்தில் பிரச்சினை தகரக் கூரையை ஒட்டிய பரண். பெரும்பாலான மாத்திரைகளுக்கு 30 டிகிரிதான் உச்சவரம்பு. மேற்கு வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் மருந்தை அழகுக்கு அடுக்குவதையும் விட்டுவிடலாம்.

அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பேட்ச் எண்ணும் தேதியும் அச்சான முனை கடைசிவரை கடையிலேயே இருக்க வேண்டும், எதிர்முனையிலிருந்து வெட்ட வேண்டும். வாங்குபவருக்கு அந்த விவரம் பில்லில் கிடைக்க வேண்டும். ஒரு பேட்ச் தரமற்றது என்று அறிவிப்பு வந்தால், பில் இல்லாத நாலு மாத்திரையை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது?

மருந்து ஆய்வாளர்கள் ஆய்வுக்கு வரும்போது சில ஆன்டிபயாடிக் உள்ளிட்ட மருந்துகளின் விற்பனையை எழுதிவைக்கும் ஹெச்1 பதிவேட்டையும் ஃபார்மசிஸ்ட் கடையில் இருக்கிறாரா என்பதையும் பார்ப்பது போல, ஃப்ரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரையும் அந்த நோட்டையும் கேட்கட்டும். இன்சுலின் வாங்குபவர்களும் கேட்கலாம், அதற்குக் கடைக்காரர் கோபிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
அஸ்தம்பட்டி, சேலம்.