குளத்துக்குள் மறைந்திருக்கும் ‘இல்’

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நம் பிள்ளைகளின் ஆங்கிலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் காரணம் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவள் நான். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளை தமிழில்தான் யோசிக்கும். அப்படி யோசித்த தமிழை எடுத்து அதன் கண்முன் வைத்துக் காட்டினால் பாதித் தவறுகள் அங்கேயே திருந்திவிடும். இடத்தைக் குறித்து வரும் ‘வேர்’ (where) என்ற ஓர் ஆங்கிலச் சொல்லை மட்டும் வைத்து இதை விளக்குகிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு மாலையில் வீட்டுத் திண்ணையில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் ஊரைப் பற்றி எழுதிய கட்டுரை நோட்டைக் கொண்டுவந்தாள். ‘திஸ் இஸ் தி பாண்ட் விச் ஐ லேர்ன்ட் டு ஸ்விம்’ என்று எழுதியிருந்தாள். பள்ளியில் ‘விச்’சைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘வேர்’ என்று திருத்தியிருந்தார்கள். காரணம் எழுதவில்லை. குளம் ஓர் இடம், இடம் வந்தால் ‘வேர்’ என்று அவளாகவே ஒரு விதி வகுத்துக்கொண்டாள். அடுத்த கட்டுரையில் அதே குளத்தைப் பற்றி ‘தி பாண்ட் வேர் அவர் பீப்பிள் டக்’ என்று எழுதினாள். அதற்கும் சிவப்புக் கோடு. இந்தத் தடவை மேலே ‘விச்’. குளத்துக்கு எதைத்தான் போடுவது டீச்சர் என்று கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது.

எதைப் போடுவது என்பதைக் குளத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அவள் மனத்தில் இருந்த இரண்டு தொடர்களையும் நோட்டில் தமிழில் எழுதச் சொன்னேன். ‘நான் நீச்சல் கற்ற குளம்’, ‘எங்கள் ஊரார் வெட்டிய குளம்’. இரண்டும் பெயரெச்சத் தொடர்கள்; அதாவது ‘கற்ற’, ‘வெட்டிய’ என்று முற்றுப்பெறாத வினை ஒரு பெயரைக் கொண்டு முடிபவை. ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் முதல் தொடரில் குளத்தில் நீச்சல் கற்றாள். இரண்டாவதில் குளத்தை வெட்டினார்கள். அந்த ‘இல்’, ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபுகளைத் தமிழ் வெளியே சொல்வதில்லை. கேட்பவர் தாமே புரிந்துகொள்வார் என்று விட்டுவிடுகிறது. ஆங்கிலம் அப்படி விடாது. உள்ளே மறைந்திருப்பது ‘இல்’ என்றால் ‘வேர்’ வர வேண்டும், அல்லது ‘இன் விச்’ வர வேண்டும். மறைந்திருப்பது ‘ஐ’ என்றால் ‘விச்’ அல்லது ‘தட்’. இரண்டையும் விட்டு ‘தி பாண்ட் அவர் பீப்பிள் டக்’ என்று சொன்னாலும் சரியே.

இதைக் கண்டுபிடிக்க நமக்கு மேல்நாட்டு இலக்கணம் எதுவும் தேவையில்லை. தொல்காப்பியம் வினையியலில், ‘செய்யும்’, ‘செய்த’ என்னும் பெயரெச்சங்கள் நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல் (செய்பவர்), வினை என்னும் ஆறு பொருளுக்கும் ஒத்த உரிமை உடையவை என்று சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வரிசையில் நிலம்தான் முதலில் நிற்கிறது. ‘சமைத்த’ என்று ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சமைத்த அம்மா, சமைத்த சோறு, சமைத்த பானை, சமைத்த அடுப்படி, சமைத்த நாள். தமிழில் அந்த ஒரு ‘சமைத்த’ எல்லாவற்றுக்கும் போதும். ஆங்கிலத்துக்குப் போனால் அம்மாவுக்கு ‘ஹூ’, சோற்றுக்கு ‘விச்’, பானைக்கு ‘இன் விச்’, அடுப்படிக்கு ‘வேர்’, நாளுக்கு ‘வென்’ என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். நம் பிள்ளைகள் தடுமாறுவது இந்தப் பிரிவில்தான். அவர்களுக்கு மூளை போதவில்லை என்று சொல்வது அநியாயம். ஒரே சொல்லால் ஆறு வேலையையும் முடித்துப் பழகிய வாய் அது.

பட்டம் பெற்றவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு என்னிடம் வரும் இளைஞர்கள் ‘தி கம்பெனி வேர் ஐ ஒர்க்ட்’ என்று சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘தி கம்பெனி வேர் ஐ ஜாய்ண்ட்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் நிறுவனத்தில் வேலை செய்கிறோம், நிறுவனத்தில் சேர்கிறோம், இரண்டுக்கும் ‘இல்’தான். ஆங்கிலத்தின் ‘ஜாய்ன்’ அந்த ‘இல்’லை ஏற்காது. அது நேரே செயப்படுபொருளைக் கேட்கும் வினை. ஆகவே ‘தி கம்பெனி விச் ஐ ஜாய்ண்ட்’ அல்லது ‘தி கம்பெனி ஐ ஜாய்ண்ட்’. ‘விசிட்’டும் அப்படித்தான். ‘தி டவுன் வேர் ஐ விசிட்டட்’ தவறு, ‘தி டவுன் வேர் ஐ வென்ட்’ சரி. ஊர் ஒன்றே, வினை மாறியதும் இணைக்கும் சொல்லும் மாறிவிட்டது. இந்த ஒரு கருத்தை நிதானமாக ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தால் போதும். அதை விட்டுவிட்டு வாக்கியங்களை எளிய, கூட்டு, கலவை என்று மாற்றும் பயிற்சியையே ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறோம்.

‘வேர்’ தனக்குள்ளேயே ‘இல்’லை வைத்திருக்கிறது என்பது புரிந்தால் இன்னொரு தவறும் போய்விடும். ‘தி ஹவுஸ் வேர் ஐ வாஸ் பார்ன் இன்’ என்று கடைசியில் ஓர் ‘இன்’னை ஒட்டுவது, ‘வீட்டிலில்’ என்று உருபை இரண்டு முறை போடுவதற்குச் சமம். ‘வேர்’ இல்லாவிட்டால் அந்த ‘இன்’ கட்டாயம் வேண்டும்: ‘தி ஹவுஸ் ஐ வாஸ் பார்ன் இன்’.

இனி, இடமே அல்லாத பெயர்களுக்கும் ‘வேர்’ வருவதைச் சொல்ல வேண்டும். ‘எ சிச்சுவேஷன் வேர்’, ‘எ ஸ்டேஜ் வேர்’, ‘எ கேஸ் வேர்’ என்று ஆங்கிலேயர்கள் தாராளமாக எழுதுகிறார்கள். நிலைமை என்ன ஊரா, தெருவா, அதற்கு ஏன் ‘வேர்’ என்று கேட்டு, இதைத் தவறென்று அடிக்கும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழ் பேசுகிற நாம் அப்படிக் கேட்கலாமா? ‘சந்தேகத்துக்கு இடமில்லை’ என்கிறோம். ‘பொறுமையாக இருக்க வேண்டிய இடம்’ என்கிறோம். கதை கேட்கும்போது ‘அந்த இடத்தில் அழுதுவிட்டேன்’ என்கிறோம். இவற்றில் எந்த இடத்துக்கும் கதவு எண் கிடையாது. நிலைமையை இடமாகப் பார்ப்பது நம் மொழியிலும் ஊறிய பழக்கம். ஆகவே ‘கடனை அடைக்க முடியாத நிலை’ என்பதற்கு ‘எ சிச்சுவேஷன் வேர்’ என்று பிள்ளை எழுதினால் அடிக்காதீர்கள். அலுவலகக் கடிதத்திலும் சட்டம் சார்ந்த எழுத்திலும் ‘இன் விச்’ இன்னும் பொருத்தமாக இருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆனால் இங்கே ஓர் எல்லை உண்டு. ‘அவர் இறந்த செய்தி’யும் தமிழில் பெயரெச்சத் தொடர்தான். அதை நம்பி ‘தி நியூஸ் வேர் ஹி டைட்’ என்று எழுதக் கூடாது; ‘தி நியூஸ் தட் ஹி டைட்’ என்பதே சரி. என் மாணவர்களுக்கு நான் தரும் உரைகல் இதுதான்: பெயரோடு ‘இல்’ சேர்த்துத் திருப்பிச் சொல்லிப் பார். ‘அந்த நிலையில் கடனை அடைக்க முடியவில்லை’ என்பது பொருள் தருகிறது. ‘அந்தச் செய்தியில் அவர் இறந்தார்’ என்பது தரவில்லை. பொருள் தந்தால்தான் ‘வேர்’.

காற்புள்ளி பற்றியும் ஒரு வார்த்தை. ‘சென்னை, வேர் மை சிஸ்டர் லிவ்ஸ்’ என்று எழுதும்போது காற்புள்ளி கட்டாயம், ஏனென்றால் எந்தச் சென்னை என்று யாரும் கேட்கப் போவதில்லை. ‘தி ஸ்ட்ரீட் வேர் மை சிஸ்டர் லிவ்ஸ்’ என்பதில் காற்புள்ளி கூடாது; எத்தனையோ தெருக்களில் எது என்று காட்டுவதே அந்தத் தொடர்தான். ‘அக்கா வசிக்கும் சென்னை’, ‘அக்கா வசிக்கும் தெரு’ என்று நாம் எழுதும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

உங்கள் இதழில் வாரந்தோறும் வரும் ஆங்கிலப் பயிற்சிப் பக்கத்தை என் மாணவர்கள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அதில் இரண்டு வாரம் இந்த ‘வேர்’ருக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்துக்கும் மேலே அதன் தமிழ்த் தொடரை அச்சிடுங்கள். மறைந்திருக்கும் ‘இல்’லையோ ‘ஐ’யையோ அடைப்புக் குறிக்குள் போடுங்கள். அந்தச் சிறுமியின் நோட்டில் நான் அப்படித்தான் பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
சங்கரன்கோவில்.