ஒரு தோல்வியோடு பருவத்தை முடிக்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட உதைபந்தாட்ட லீக் நிர்வாகிகளுக்கும் கழகச் செயலாளர்களுக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். அடுத்த பருவத்துக்கு அட்டவணை போட உட்காரும் முன் இலங்கை அணியின் ஏட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அதில் நெஞ்சு நிமிரும் பக்கங்கள் உண்டு. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தோம். 2006இல் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் (ஏ.எஃப்.சி.) செலஞ்ச் கிண்ண இறுதிவரை போய் தஜிகிஸ்தானிடம் விழுந்தோம். 2008இல் பாகிஸ்தானுக்கு 7 கோல் அடித்தோம். மறுபக்கம், 2022 உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்று. வட கொரியா விலகிய பிறகு கணக்கில் நின்ற 6 ஆட்டங்களில் நாங்கள் அடித்தது 2, வாங்கியது 23. அந்த 2 கோலும் லெபனானுடனான ஒரே ஆட்டத்தில், ஒரே வீரரின் காலிலிருந்து வந்தவை. அவர் வசீம் ராசிக், பெர்லினில் பிறந்து ஜேர்மன் கழகங்களில் வளர்ந்தவர். 2024இல் கம்போடியாவைப் பெனால்ட்டியில் வென்றதும், 2025 ஜூனில் சீன தாய்ப்பேயை (தாய்வானை) 3–1 என வென்றதும் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளின் துணையோடுதான். அவர்கள் வந்ததில் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் அவர்களுக்கு அங்கே கிடைத்தது எது, எங்கள் பிள்ளைகளுக்கு இங்கே கிடைக்காதது எது? ஆட்ட நிமிடங்கள்.

16 அணிகளை வைத்து, தோற்றவர் வெளியேறும் விலகல் முறையில் ஒரு சுற்றுப்போட்டி நடத்தினால் மொத்தம் 15 ஆட்டம். அதில் 8 அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். புதிய ஜேர்சி, புதிய பூட்ஸ், மூன்று மாதப் பயிற்சி எல்லாம் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். தோற்றால் போச்சு என்ற பயத்தில் எந்தப் பயிற்றுவிப்பாளரும் 17 வயதுப் பையனை இறக்கமாட்டார். பின்வரிசைக்காரர் பந்தைத் தூக்கி அடிப்பார், நடுக்களத்தில் ஒருவரும் பந்தை வாங்கித் திரும்பப் பழகமாட்டார். சர்வதேச ஆட்டத்தில் பந்து எங்கள் காலில் நிற்காமல் போவதற்கு இது பெரிய காரணம்.

அதே 16 அணிகளை எட்டெட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எல்லோரும் எல்லோரையும் இரண்டு முறை சந்திக்கும் இரட்டைச் சுற்று லீக் வையுங்கள். ஒரு பிரிவுக்கு 56 ஆட்டம், ஒவ்வொரு அணிக்கும் 14. ஒரு பிரிவுக்கு வாரத்துக்கு 4 ஆட்டம்தான். பிரிவுக்கு இரண்டு மைதானம், சனியும் ஞாயிறும், நாளுக்கு மைதானத்துக்கு ஒன்று. சித்திரைப் புத்தாண்டு கழித்து ஏப்ரல் கடைசியில் தொடங்கி, ஹஜ் பெருநாளுக்கு இரண்டு வாரம் விட்டாலும், 16 வாரத்தில் ஆகஸ்ட் நடுவுக்குள் முடியும். மாரி மழை மைதானத்தைக் குளமாக்குவதற்கு முன்பே கிண்ணம் கையில் இருக்கும்.

நேரத்தில்தான் பெரிய ஓட்டை. 45, 45, இடைவேளை 15, கச்சான் காற்று வீசும் வெப்பக் காலத்தில் 30ஆவது, 75ஆவது நிமிடங்களில் தலா 3 நிமிடத் தண்ணீர் இடைவேளை, மேலதிக நேரம் எல்லாம் சேர்ந்தால் இரண்டு மணித்தியாலம். அஸர் தொழுதுவிட்டுச் சரியாக 4 மணிக்கு விசில் ஊதினால் 6 மணிக்கு, மஃரிப் பாங்குக்கு முன் முடிந்துவிடும். ஆனால் அதிதிக்கு மாலை, அறிமுகம், பேச்சு என்று 4.30 தாண்டிவிடுகிறது. பொழுது போகுமே என்று மத்தியஸ்தர் பாதியை 35 ஆக வெட்டுகிறார். ஆட்டத்துக்கு 20 நிமிடம் போனால் 14 ஆட்டத்தில் 280 நிமிடம், மூன்று முழு ஆட்டத்துக்கு மேல். 70 நிமிடத்துக்குப் பழகிய கால் 75ஆவது நிமிடத்தில் சோரத்தான் செய்யும். மாலையும் பேச்சும் இறுதிநாளில் வைத்துக்கொள்ளலாம்.

பதிவு விடயமும் உண்டு. வீரரின் 12 வயதிலிருந்து எந்தக் கழகம் வளர்த்தது என்பதை பீபாவின் வீரர் கடவுச்சீட்டு (பயணக் கடவுச்சீட்டல்ல, அவரின் கழகப் பதிவு வரலாறு) காட்டும். அவர் 23 வயதாகும் ஆண்டு முடிவதற்குள் வெளிநாட்டுக் கழகமொன்றில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால், 12 முதல் 21 வயதுவரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பயிற்சி இழப்பீடு கேட்கும் உரிமை வரும். பிறகு நாடு விட்டு நாடு பணத்துக்குக் கழகம் மாறினால், அந்தத் தொகையில் 5 வீதம் வளர்த்த கழகங்களுக்குப் பிரியும். 12 வயதில் பதியாமல் 19 வயதில் அவசரமாகப் பதிந்தால், இடைப்பட்ட ஏழு வருட உழைப்புக்கு அத்தாட்சி ஏது? பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். தமிழ், முஸ்லிம் பெயர்களை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவிதமாக எழுதப்போய், பின்னர் கடவுச்சீட்டு எடுக்கும்போது சிக்குகிறது.

ஆட்டம் முடிந்த அன்றே அணிப்பட்டியல், கோல் அடித்தவர், நிமிடம், மாற்று வீரர், அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் எழுதி மத்தியஸ்தரிடம் ஒப்பம் வாங்குங்கள். தேசிய அணித் தெரிவாளர் கேட்டால், "நல்லா விளையாடுவான்" என்று சொல்வதோடு நில்லாமல், 14 ஆட்டம், 1,180 நிமிடம், 9 கோல் என்று தாளை நீட்டலாம்.

முதல் வேலையாக, ஜனவரி முடிவதற்குள் கழகங்களைக் கூட்டி பிரிவுக்கு இரண்டு மைதானங்களை 14 வார இறுதிகளுக்குப் பிரதேச சபை, மாநகர சபைகளிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
கிழக்கின் உதைபந்தாட்ட ஆர்வலர்கள்