சிரிக்க வைத்தவரையே ஏன் முதலில் கொல்கிறீர்கள்?

சூப்பர் ஹீரோ அணிக் கதைகளை எழுதுகிறவர்களுக்கும், அவற்றைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். உங்கள் இதழ்களைப் பல வருடங்களாகப் படித்து வருகிறவன் எழுதுகிறேன். ஒரு பழைய வருத்தம்தான் இந்த மடலுக்குக் காரணம். "இனி இந்தத் தொடர் விளையாட்டு இல்லை" என்று வாசகருக்குக் காட்ட நினைக்கும்போதெல்லாம், அணியில் கலகலப்பாக இருக்கிற ஆள் யார் என்றுதான் முதலில் தேடுகிறீர்கள். அடுத்த இதழில் அவர் உயிரோடு இருப்பதில்லை.

ஜஸ்டிஸ் லீக் என்கிற சூப்பர் ஹீரோ அணியின் கலகலப்பான ஆள் ப்ளூ பீட்டில். நிஜப் பெயர் டெட் கோர்ட். அவரை நான் தலைகீழ் வரிசையில் சந்தித்தேன். 2005-இல் வந்த 'கவுன்ட்டவுன் டு இன்ஃபினிட் க்ரைசிஸ்' இதழில் அவர் தலையில் சுடப்பட்டுச் சாவதை முதலில் படித்தேன். 1987-இல் தொடங்கிய ஜஸ்டிஸ் லீக் இதழ்கள் அதற்கு அப்புறம்தான் கைக்கு வந்தன. அதனால் அவர் விழுந்து விழுந்து சிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் துப்பாக்கிதான் கண்ணில் நின்றது. சுட்டவரும் வெளியாள் இல்லை. அந்த அணியைக் கூட்டி நடத்திய மாக்ஸ்வெல் லார்டேதான்.

அந்த 1987 தொடரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதற்கு முந்தைய வருடம்தான் 'வாட்ச்மென்' தொடங்கியிருந்தது, 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' வந்திருந்தது. எல்லோரும் இருட்டைத் தேடி ஓடிக்கொண்டிருந்த நேரம். கீத் கிஃபன் கதையைப் பிரித்துக் கொடுக்க, ஜே.எம். டிமாட்டீஸ் வசனம் எழுத, கெவின் மக்வயர் வரைந்தார். முதல் இதழின் அட்டையில் சண்டை இல்லை, வெடிப்பு இல்லை. ஒரு கூட்டம் ஆட்கள் நெருக்கியடித்து நின்று அண்ணாந்து நம்மைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு முகம் மாதிரி இன்னொரு முகம் இல்லை. பாதிக் கதை அந்த முகங்களிலேயே முடிந்துவிடுகிறது.

ஐந்தாவது இதழ் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். அணியின் கிரீன் லான்டர்னான கை கார்ட்னர் பேட்மேனை வம்புக்கு இழுத்து, தனக்குச் சக்தி தரும் மோதிரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மோத வருகிறார். ஒரே ஒரு குத்து. ஆள் மல்லாந்துவிடுகிறார். "ஒரே குத்து!" என்று பீட்டிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தாமதமாக வந்து சேரும் இன்னொரு அணித்தோழி பிளாக் கேனரிக்கோ அதைப் பார்க்காமல் போய்விட்டோமே என்கிற வயிற்றெரிச்சல்.

இந்தக் காட்சியில் பேட்மேன் ஜோக் அடிப்பதே இல்லை. எந்த இருண்ட கதையில் எடுத்து வைத்தாலும் பொருந்துகிற அதே பேட்மேன்தான் இங்கேயும். கை தன் வாய்க்கொழுப்போடு இருக்கிறார், பேட்மேன் தன் பொறுமையின் எல்லையில் இருக்கிறார், பீட்டில் பீட்டிலாக இருக்கிறார். யாரும் தன் இயல்பை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. அதனால்தான் சிரிப்பு வருகிறது. அதே ஆட்களை அப்படியே எடுத்து ஒரு சாவு வீட்டில் உட்கார வைத்தால் அங்கேயும் பொருந்துவார்கள்.

அதை அந்தத் தொடரே செய்து காட்டியது. பீட்டிலும் அவருடைய நெருங்கிய நண்பர் பூஸ்டர் கோல்டும் அணியின் பணத்தை எடுத்து ஒரு தீவில் சூதாட்ட விடுதி திறக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் அந்தத் தீவுக்கே உயிர் இருக்கிறது, அது பாட்டுக்கு நகர்ந்து போய்விடுகிறது. சுத்தப் பைத்தியக்காரத்தனம். அதற்குச் சில இதழ்கள் தள்ளி, 1990-இல், டெஸ்பெரோ என்கிற வில்லன் வருகிறான். முன்பு அணியில் இருந்த ஜிப்ஸியின் அப்பா அம்மாவைக் கொன்றுவிடுகிறான். அங்கே ஒருவரும் கவுன்ட்டர் கொடுக்கவில்லை. கலாய்த்துக்கொண்டே இருந்தவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள் என்பதே போதுமானதாக இருந்தது. (எல்லா இதழும் இப்படி இருந்தது என்று சொல்ல மாட்டேன். கடைசிப் பகுதியில் அரைத்த மாவையே அரைத்தார்கள்.)

இன்றைய அணிக் கதைகளில் எனக்கு இன்னொரு தகராறும் உண்டு. எல்லோரும் ஒரே ஆள் மாதிரி ஜோக் அடிக்கிறார்கள். கடவுளும், ரோபோவும், பதினாறு வயதுப் பெண்ணும், போரில் அடிபட்டுத் திரும்பிய சிப்பாயும் ஒரே தினுசில் கவுன்ட்டர் கொடுக்கிறார்கள். வசனப் பலூன்களின் வாலை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். எது யார் பேசியது என்று சொல்ல முடியாவிட்டால் அது ஒருவருடைய நகைச்சுவையும் இல்லை, உங்களுடையதுதான்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், சிரிப்புப் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல் (கிண்டல்), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (மடமை). உங்கள் அணிகள் இப்போது எள்ளலை மட்டும் வைத்துக் காலம் தள்ளுகின்றன. அந்தத் தீவு விடுதி பேதைமை. இளமைக்கு எக்ஸ்-மென்னின் கிட்டி ப்ரைடைச் சொல்வேன். 1980-இல் அணியின் ஜீன் க்ரேயை அடக்கம் செய்த இதழின் முடிவில் அவருடைய காதலர் ஸ்காட், அணி தங்கும் மாளிகையை விட்டுக் கிளம்புகிறார். அதே நேரத்தில் கிட்டி வந்து சேர்கிறாள். எழவு விழுந்த வீட்டில் ஒரு சின்னப் பெண் நுழைவது போல. அந்த இடத்தில் யாரும் துக்கத்தைக் கிண்டல் செய்யவில்லை, துக்கமும் அவளைத் துரத்தவில்லை.

எள்ளலை மட்டும் நம்பினால் வருகிற சங்கடம் ஒன்று இருக்கிறது. எள்ளலுக்கு எப்போதும் ஒரு இலக்கு தேவை. அழ வேண்டிய கட்டம் வரும்போது அந்தக் கட்டத்தையே இலக்காக்கிவிடுகிறீர்கள். ஒருவர் இறந்து கிடக்கிறார், பக்கத்தைப் புரட்டினால் முதல் பலூனிலேயே கடி ஜோக். வாசகர் அழுதுவிடுவாரோ என்று உங்களுக்குத்தான் கூச்சம். சினிமாவில் நேரம் இயக்குநர் கையில் இருக்கிறது, காமிக்ஸில் அது என் கையில். ஒரு பேச்சில்லாத கட்டத்தில் நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன். அந்தக் கட்டத்தைக் கொடுங்கள், போதும்.

ஃபென்டாஸ்டிக் ஃபோரின் 51-ஆவது இதழ், 1966. முதல் பக்கத்தில் பென் க்ரிம் மழையில் தனியாக நிற்கிறார். அணித்தோழன் ஜானியோடு சதா மல்லுக்கட்டி நம்மைச் சிரிக்க வைக்கிற அதே பாறை மனிதர். ஜாக் கிர்பி அந்தப் பக்கம் முழுக்க அவரையும் மழையையும் தவிர வேறெதற்கும் இடம் தரவில்லை. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்த பிறகு பழைய சண்டைகளைப் புரட்டினால், அந்த ஆள் இத்தனை நாளும் ஏன் அப்படிக் கத்திக்கொண்டிருந்தார் என்று புரிகிறது. பழைய ஜோக் ஒன்றுகூடக் கெடவில்லை.

நகைச்சுவை அணியில் சாவே கூடாது என்று நான் கேட்கவில்லை. 1968-இல் டூம் பேட்ரோல் என்கிற இன்னொரு அணியின் 121-ஆவது இதழில், முன்பின் தெரியாத பதினான்கு மீனவக் கிராமத்தவரைக் காப்பாற்ற மொத்த அணியும் உயிரைக் கொடுத்தது. சதா ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் உயிரா அந்தக் கிராமத்தவர் உயிரா என்கிற அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விவாதமில்லாமல் ஒரே பதிலைச் சொன்னார்கள். அவர்கள் செத்தது அவர்களாகவே எடுத்த முடிவு.

சூ டிப்னிக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. இலாங்கேட்டட் மேன் என்கிற ஹீரோ ரால்ஃபும் அவர் மனைவி சூவும் அந்த உலகத்திலேயே சந்தோஷமான தம்பதி. 2004-இல் 'ஐடென்டிட்டி க்ரைசிஸ்' முதல் இதழிலேயே சூவைக் கொன்றீர்கள். அடுத்த வருடம், அதே கிஃபன், டிமாட்டீஸ், மக்வயர் மூவரும் சேர்ந்து செய்த நகைச்சுவைத் தொடர் வெளியானது. அதில் சூ உயிரோடு, பழையபடி வாயாடிக்கொண்டு இருக்கிறார். நல்ல ஜோக்குகள்தான். எனக்குத் தொண்டையில் அடைத்தது. வெளியீட்டு அட்டவணையில் இரண்டும் எப்படி முன்பின்னாக வந்தன என்று ஒருவரும் கவனிக்கவில்லையா?

டெட் கோர்ட் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனீர்கள். தான் தொடக்கத்திலிருந்தே அணியை வேண்டுமென்றே உருப்படாமல் வைத்திருந்ததாக லார்டைச் சொல்ல வைத்தீர்கள். அதாவது நாங்கள் சிரித்த ஒவ்வொரு பக்கமும் ஒரு சதியின் பகுதி என்றாக்கினீர்கள். அந்த இதழ் மோசமாக எழுதப்பட்டது என்று சொல்ல மாட்டேன். யாரும் பெரிதாக மதிக்காத ஒருவர் தனியாக உண்மையைத் தேடிப் போகிறார் என்பது வலுவான கதைதான், படிக்கும்போது கை நடுங்கியது. ஆனால் அந்த வலி எங்கிருந்து வந்தது? பழைய சிரிப்பிலிருந்துதான். அங்கே கடன் வாங்கிவிட்டு அதையே செல்லாத நோட்டு என்று அறிவித்துவிட்டீர்கள்.

உங்களில் சிலர் இதைப் புரிந்துகொண்டு பின்னால் சரி செய்ததையும் சொல்ல வேண்டும். 2007-இல் தொடங்கிய பூஸ்டர் கோல்ட் தொடரில், பூஸ்டர் காலத்தில் பின்னோக்கிப் போய் டெட்டைக் காப்பாற்றுகிறார். பழைய ஜோடி மறுபடி சேர்கிறது, பழைய சிரிப்பும் கூடவே வருகிறது. ஆனால் அதனால் உலகமே தலைகீழாகிவிட, கடைசியில் தன் சாவுக்கே திரும்பிப் போவது என்று டெட்டே முடிவெடுக்கிறார். இந்த முறை அவரை யாரும் இழுத்துப் போகவில்லை.

பல தொடர்களை ஒன்றாக இணைக்கும் அடுத்த பெரிய க்ராஸ்ஓவருக்கு யாரைப் பலி கொடுக்கலாம் என்று இப்போதே எங்கோ ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கும். அதில் ஒரு சிரிப்பு மூட்டுகிற ஆளின் பெயர் இருந்தால், பக்கத்திலேயே இன்னொரு பெயரையும் எழுதி வையுங்கள்: அவர் ஜோக்குக்கு முதலில் சிரிக்கிறவர் யாரோ, அவருடைய பெயரை. அவருக்கென்று ஒரு முழு இதழ் ஒதுக்க உங்களிடம் பக்கம் இல்லையென்றால், பட்டியலில் வேறு ஆளைப் பாருங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பழைய ஜஸ்டிஸ் லீக் இதழ்களை இன்னும் தலைமாட்டில் வைத்திருக்கும் ஒரு வாசகன்