ஞாயிறு தூண்டில்: பாரூர் ஏரி

காலை 5.30, போச்சம்பள்ளி பஸ் ஸ்டாண்ட். மீன் குத்தகை எடுத்தவரிடம் கேட்காமல் யாரும் தூண்டில் போட வேண்டாம்.

ஜிலேபி மீனுக்கு மண்புழு போதும், ஆனா சின்ன தூண்டில் முள். பெரிசு போட்டா இரையை மட்டும் கொத்திட்டுப் போயிடும். முள்ளுக்கு அரை அடி மேலே ஈயம், 3 அடியில் தக்கை. தக்கை நட்டுக்கிட்டு நிக்கணும். படுத்துக் கிடந்தா ஈயம் தரையில உக்காந்திருக்கு. தக்கையை முள் பக்கமா இறக்குங்க.

ரோகு மீன் ஆசை இருக்கிறவங்க இரைக்கு 2 பங்கு தவிடு, 1 பங்கு மைதா பிசைஞ்சு கொண்டு வாங்க. சப்பாத்தி மாவை விடக் கெட்டியா. தண்ணி கூடினா வீசும்போதே உதிர்ந்துடும்.

மதகுப் பக்கம் யாரும் இறங்கக் கூடாது, பாசி வழுக்கும். அறுந்த தூண்டில் நரம்பைக் கரையில விடாதீங்க. கொக்கு காலில் சுத்திக்கும்.