முதல் சர்வேக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் சூழலியலாளராகச் சேர்ந்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அடுத்த வாரமே முதல் சர்வே என்கிறாய். அதற்குள் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் அந்த இடத்தின் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று மதிப்பிட்டு ரிப்போர்ட் எழுதத்தானே இந்த சர்வே. அதற்கான மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி, பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தின் தரவு இருந்தால் போதும். அதனால் நம்மை அனுப்புவது பெரும்பாலும் மார்ச் முதல் மே வரைதான். நம் பக்கத்துக் கண்மாய்களோ ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிறைபவை. தண்ணீரோடு வருகிற பறவைகளை மே மாதத்தில் எங்கே பார்ப்பது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிவகங்கைப் பக்கம் ஒரு திட்டத்துக்குப் போனேன். சுற்றிலும் 10 கிலோமீட்டர் பார்க்க வேண்டும், கையில் மூன்றே நாள். கண்மாய் வெடித்துக் கிடந்தது. உள்ளே நின்ற நாட்டுக் கருவேல மரங்களை டேப் பிடித்து அளந்து எண்ணினேன். ரிப்போர்ட்டில் 'நீர்ப்பறவைகள் இல்லை' என்று எழுதினேன்.

அடுத்த ஜனவரியில் அதே வழியாக பஸ்ஸில் போனபோது கண்மாய் தளும்பி நின்றது. அதே கருவேல மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில். ஒவ்வொன்றிலும் நத்தைகுத்தி நாரைகள், குஞ்சுகளின் இரைச்சல். பாதி வழியில் இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மே மாதம் எடுத்த போட்டோக்களைத் தேடிப் பார்த்தேன். நான் அளந்த மரத்துக்கு மேலேயே பழைய குச்சிக்கூடுகள்! கிளையெல்லாம் சுண்ணாம்பு தெளித்தாற்போல் எச்சம். அன்று நான் அண்ணாந்தே பார்க்கவில்லை. அதற்குள் திட்டத்துக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. இன்றைக்கும் அந்த வரியை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

அதனால், 'இல்லை' என்று மட்டும் எழுதாதே தம்பி. எந்தத் தேதி, எத்தனை மணி, கண்மாயில் தண்ணீர் இருந்ததா, இதையெல்லாம் எழுதி, 'பார்க்கவில்லை' என்று எழுது. ஆடு மேய்ப்பவரிடம் உட்கார்ந்து பேசு, மழைக்கு அப்புறம் என்னென்ன வரும் என்று கேள். அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே பதிவு செய். நமக்குச் சம்பளம் வருவது திட்டக்காரர் கொடுக்கிற பணத்திலிருந்துதான், வரியை மாற்றச் சொல்லி அழுத்தமும் வரும். ஆனால் மக்கள் கருத்துக்கேட்பு நடக்கும் திட்டங்களில் ரிப்போர்ட்டின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும். ஊர்க்காரர்கள் அதைப் படிப்பார்கள்.

மதுரை அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது, சுமார் 250 பறவையினங்கள் அங்கே உண்டு என்றார்கள். அந்தக் குன்றுகளை வருடக்கணக்கில் சுற்றியவர்களால் சேர்ந்த பட்டியல் அது, மூன்று நாள் சர்வேயில் வராது. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் வந்தபோது ஊர் திரண்டு நின்றது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தப் போராட்டத்தில் இந்தப் பறவைகளின் பேரும் அடிபட்டது.

சரி, உன் சர்வே எல்லைக்குள் கண்மாய் ஏதும் இருந்தால் பேரை எழுதி அனுப்பு. டிசம்பரில் லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா